என் பேக்கப்பில் இருந்த வீரையா

சாவு வீட்டு மாலையால் நான் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். ரோஜா மென்மையானது என்று எழுதுகிறவர்கள் யாரும் அதால் அடி வாங்கியிருக்க மாட்டார்கள். இதழ் வலிக்காது. உள்ளே கோத்திருக்கிற வாழைநார் வலிக்கும். பட்டப்பகல், நடுத்தெரு, என் மேல் கம்பெனி சட்டை. அதன் முதுகில் ‘கவலை வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்’ என்று நானே யோசித்து அச்சடித்த வரி. முதல் அடி கோபத்தில் விழுந்தது. இரண்டாவது அடி அந்த வரியைப் படித்த பிறகு விழுந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். சர்வர் விஷயமெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதில் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த அடியை எப்படிச் சம்பாதித்தேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள், மாலை இன்னும் விற்கிறது.

கோத்தா திங்கியில் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து சின்ன வியாபாரிகளுக்கு வெப்சைட் நடத்திக்கொண்டிருந்தேன். தையல்காரர், கார் கழுவுகிறவர், பெக்கான் நானாஸில் அன்னாசி பிஸ்கட் சுடும் ஒரு குடும்பம். குறைந்த விலைதான் எங்கள் பெருமை. அதோடு பேக்கப் இலவசம். காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை சும்மா போடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. கறிவேப்பிலை அழுகியிருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

என் வாடிக்கையாளர்களில் ஒருவர் பெருமாள் அண்ணன். ஈமச்சடங்கு ஏற்பாடு செய்கிறவர். அவருடைய வெப்சைட் என் கைவண்ணம். இறந்தவர் பெயர், படம், வீட்டு முகவரி, எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் அதில் போட்டால் போதும், பதிந்து வைத்திருக்கிற அத்தனை பேர் கைப்பேசிக்கும் செய்தி தானாகவே போய்விடும். கோயில் கமிட்டி, பூக்கடை, பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர், ஊரில் பாதிப்பேர், எல்லாரும் அதில் இருந்தார்கள். யாரும் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.

நம் ஆட்கள் எப்படியும் போன் போட மாட்டார்கள், அது வேறு. சாவு வீட்டுக்குப் போன் போட்டு, “உண்மையாவா?” என்று எவன் கேட்பான்? செய்தி வந்தால் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இந்த நல்ல பழக்கத்தை நம்பித்தான் நான் அந்த வெப்சைட்டையே கட்டினேன். அதே பழக்கம்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

அன்று சனிக்கிழமை. சர்வரில் இடம் நிறைந்துகொண்டு வருகிறது என்று ரொம்ப நாளாகவே எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன. தொந்தரவாக இருக்கிறதே என்று அவை வந்ததும் தானாக ஒரு தனி இடத்துக்குப் போய் விழும்படி செய்திருந்தேன். அந்த இடத்துக்கு ‘பிறகு’ என்று பெயரும் வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை என் சொந்தக் கோப்பு ஒன்றையே சேமிக்க முடியாமல் போனபோதுதான் ‘பிறகு’ வந்துவிட்டது என்று புரிந்தது.

சரி, சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ‘பழசு’ என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. பழசுதானே என்று அழித்தேன். பெருமாள் அண்ணனின் வெப்சைட்டைத் தற்காலிகமாக அதற்குள் மாற்றி வைத்தது நான்தான். தற்காலிகம் என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

உடனே போன்.

“தம்பி, நம்ம வெப்சைட் எங்க?”

“இருக்குண்ணே.”

“எங்க இருக்கு? நான் தொறந்து பாக்குறேன், வெள்ளையா இருக்கு. இன்னிக்கு லாயாங் லாயாங்ல ஒரு சாவு. சொந்தக்காரங்க எல்லாம் எடுக்குற நேரம் கேக்குறாங்க.”

“கொஞ்சம் பொறுங்கண்ணே, பாக்குறேன்.”

“எங்க தொழில்ல பொறுமையா இருக்குற ஆளு ஒருத்தர்தான் தம்பி. அவரு பொட்டிக்குள்ள இருப்பாரு. மத்த எல்லாரும் இங்க கத்திக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் லா!”

கத்தல் காதில் விழுந்ததும் என் கை நேராக ரீஸ்டோர் பொத்தானுக்குப் போனது. இருந்ததிலேயே புதிய பேக்கப் பல மாதங்களுக்கு முந்தியது. பேக்கப்புக்கு இடம் போதாமல் போன அன்றே அதை எடுப்பது நின்றுபோயிருந்தது; அதைச் சொன்ன மின்னஞ்சலும் ‘பிறகு’வில்தான் படுத்திருந்தது. தேதியைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். வெள்ளைப் பக்கத்துக்குப் பழைய பக்கம் தேவலாம் என்று நினைத்தேன். அமுக்கினேன்.

வெப்சைட் எழுந்து வந்தது. “அண்ணே, இன்னிக்கு விவரத்த மட்டும் மறுபடி ஒருதரம் போட்டுருங்க” என்றேன். அவரும் போட்டார். நான் மாடியிலிருந்து இறங்கிப் பக்கத்துக் கடையில் தே தாரிக் டீ சொன்னேன். தட்டில் ரொட்டி சானாய் வந்தபோது, ஒரு தொழிலையே காப்பாற்றியவனுக்குரிய பெருந்தன்மையோடு கூடுதலாகக் குழம்பு கேட்டேன்.

குழம்பு வருவதற்குள் போன் வந்தது.

“தம்பி, வீரையா செத்துட்டாரா?” பெருமாள் அண்ணன் குரலில் கத்தல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எந்த வீரையா?”

“தாமான் குடியிருப்புல தனியா இருக்காரே, செம்பனைத் தோட்டத்துல டிராக்டர் ஓட்டுனவரு. இன்னிக்கு நாலு மணிக்கு எடுக்குறாங்கன்னு இப்ப மெசேஜ் வந்துச்சு.”

“யாருண்ணே அனுப்புனது?”

“நீதான். உன் வெப்சைட்டுதான்.”

“நீங்க போடாம எப்படிண்ணே போகும்?”

“போட்டேன். அப்புறம் எடுத்துட்டேன். அவரு பொழைச்சுக்கிட்டாருப்பா!”

விஷயம் இதுதான். அந்தப் பழைய பேக்கப் எடுத்த சமயத்தில் வீரையா ஜொகூர் பாருவில் மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் சுமதி, சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. டாக்டர்கள் சுமதியைக் கூப்பிட்டு, மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கூடப்பிறந்தவர்கள் இல்லாத பெண். அழுகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நேராகப் பெருமாள் அண்ணனிடம் வந்து எல்லா ஏற்பாட்டையும் செய்தார். பெட்டி, பந்தல், அறிவிப்புக்கு ஒரு நல்ல படம். அண்ணன் அலுவலகத்தில் தேதி போடாமல் ‘இன்று நாலு மணிக்கு’ என்றே அறிவிப்பைத் தட்டச்சு செய்து, மறுநாள் காலை போகிற மாதிரி தயாராக வைத்துவிட்டார்கள். பொழுது விடிவதற்குள் வீரையா கண்ணைத் திறந்து கோப்பி கேட்டார். அறிவிப்பை அழித்துவிட்டார்கள்.

அழித்தார்கள், ஆனால் தயாராக வைத்ததற்கும் அழித்ததற்கும் நடுவில் என் இலவச பேக்கப் ஓடியிருந்தது. இப்போது நான் அதை எழுப்பிவிட்டதும், அந்த மென்பொருள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்திருக்கிறது. அனுப்ப வேண்டிய நேரம் தாண்டி ஒரு அறிவிப்பு போகாமல் நிற்கிறது. அடடா, தாமதமாகிவிட்டதே என்று உடனே அனுப்பிவிட்டது. அதன் மேல் குற்றம் சொல்ல முடியாது. என்னிடம் வேலை பார்த்தவர்களிலேயே அதுதான் ஒழுங்கானது.

பேசிக்கொண்டிருக்கும்போதே சுமதி அண்ணனின் இன்னொரு போனுக்குக் கூப்பிட்டார். அண்ணன் இரண்டு போனையும் சேர்த்துப் பிடித்தார்.

“அண்ணே, அழிக்கச் சொன்னேன்ல? அழிச்சிட்டோம்னு சொன்னீங்கல்ல?”

“அழிச்சோம்மா. இங்க ஒரு தம்பி திரும்பக் கொண்டாந்துட்டாரு.”

“அப்பாவுக்குப் போன் போட்டா எடுக்க மாட்டாரு, எப்பவும் அணைச்சே வெச்சிருப்பாரு. அண்ணே, நான் முன்கூட்டியே எல்லாம் ஏற்பாடு பண்ணுனது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன நெனைப்பாரு? பொழைப்பாருன்னு நம்பாம பொட்டி பாக்கப் போயிட்டா எம் பொண்ணுன்னு நெனைப்பாரு. நான் கெளம்பிட்டேன். எல்லைப் பாலத்துல எவ்ளோ நேரம் ஆகும்னு தெரியல. நான் வர்றதுக்குள்ள எதையாச்சும் சொல்லுங்க. நான்னு மட்டும் சொல்லாதீங்க. ப்ளீஸ்ணே.”

என் தட்டில் குழம்பு ஊற்றப்பட்டது. நான் எழுந்துவிட்டேன்.

முதல் வேலையாக வெப்சைட்டை மறுபடி இறக்கினேன். அதாவது காலையில் தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்தே செய்தேன். இன்னும் என்னென்ன பழைய சாவுகளை அது அனுப்பக் காத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? லாயாங் லாயாங் விவரத்தை அண்ணன் கையால் குரூப்புகளில் போட்டார். ‘வீரையா நலமாக இருக்கிறார், தவறுக்கு வருந்துகிறோம்’ என்று திருத்தமும் போட்டார். அந்தத் திருத்தத்துக்குக் கீழேயே ஒருவர், ‘அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்’ என்று எழுதினார். படிக்கிற பழக்கம் நம்மவர்களிடம் அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. வாடிக்கையாளர் நம்மிடம் இரண்டு பொருளைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். ஒன்று அவர் வைத்திருப்பது. இன்னொன்று அவர் அழித்தது. முதலாவதை எல்லாரும் காப்பாற்றுவார்கள். அழித்தது அழிந்தே கிடக்க வேண்டும் என்பதும் அவர் நமக்குக் கொடுத்த வேலைதான். பழையதை எழுப்பும்போது, விட்டொழித்த சண்டை, நிறுத்திய கல்யாணம், மனசு மாறிய விலை எல்லாம் சேர்ந்து எழுந்துவிடும். அதனால் கத்துகிறவர் கத்தட்டும். வாசலைச் சாத்திக்கொண்டு, வெளியே ஒரு செய்தியும் போகாதபடி கட்டிவைத்து, உள்ளே என்ன எழுந்திருக்கிறது என்று முதலில் நீங்கள் பாருங்கள். கத்தல் வலிக்காது. நார் வலிக்கும்.

வீரையா வீட்டுக்குக் கிளம்பினோம். என் கார் சக்கரம் கழற்றிக் கீழ்ப் பட்டறையில் நின்றது. அண்ணனின் ஒரு வண்டி லாயாங் லாயாங் போய்விட்டது. மிச்சம் இருந்ததும் அதே ரக வண்டிதான். ஆக, உயிரோடு இருக்கிற ஒருவரிடம் நீங்கள் சாகவில்லை என்று சொல்வதற்கு நாங்கள் சவ வண்டியில் போனோம்.

எங்களுக்கு முன்பே நாற்காலி லோரி போய்விட்டிருந்தது. அங்கே நடந்ததை லோரிக்காரரே பிறகு என்னிடம் சொன்னார். லோரி நின்றதும் கைலியும் பனியனுமாக ஒரு பெரியவர் வெளியே வந்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் துக்கம் போலிருக்கிறது என்று அவரும் ஒரு கை பிடித்து நாற்காலிகளை இறக்கியிருக்கிறார். பாதி இறக்கிய பிறகுதான் கேட்டாராம்.

“யாரு வீட்டுலப்பா?”

“இந்த வீட்டுலதான் ஐயா. பெரியவரு ஒருத்தரு.”

“இந்த வீட்டுல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?”

லோரிக்காரர் போனை எடுத்து முகவரியைப் பார்த்தார். வீட்டு நம்பரைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார்.

“அப்போ நீங்களே கையெழுத்துப் போட்டுருங்க ஐயா. நான் அடுத்த எடத்துக்குப் போவணும்.”

வீரையா கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் போனபோது தெருவில் ஒரு கூட்டமே நின்றது. வருகிற ஒவ்வொருவரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு வந்து, வாசலில் வீரையாவைப் பார்த்து, அதே முகத்தோடு கொஞ்ச நேரம் நின்று, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாற்காலி இருந்தது வசதியாகப் போயிற்று. கோயில் கமிட்டி மீனாட்சி அக்கா கையில் பெரிய ரோஜா மாலை.

“அலமாக், இந்த மாலைய நான் யாருக்குப் போடறது?” என்று அவர் கேட்டபோதுதான் சவ வண்டி போய் நின்றது. கூட்டம் எங்களைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன்.

“பெருமாளு, யாரு வேல இது?” என்றார் அக்கா.

பெருமாள் அண்ணன் எவ்வளவோ நல்லவர். ஆனால் யோசிக்காமல் விரலை நீட்டுகிறவர். மாலையின் கதை அங்கே முடிந்தது. இதழ்கள் என் காலருக்குள் போயின.

அதோடு நான் ஓடியிருக்கலாம். ஆனால் சுமதி கேட்டது இருக்கிறதே. வீரையாவுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஐயா, மன்னிச்சிருங்க. எல்லாம் கம்ப்யூட்டர் கோளாறு. வேற யாரோ ஒரு வீரையா. பேரு மாறிப் போச்சு.”

“வேற வீரையாவா?”

“ஆமாங்கய்யா. பினாங்குல.”

பினாங்கு ஏன் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் மீனாட்சி அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா போனில் அறிவிப்பைத் திறந்து கொடுத்தார். படத்தில் வீரையா கோட்டும் டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் படத்தை நான் மறந்தே போயிருந்தேன். பினாங்கு வீரையா தன் அறிவிப்பில் கோத்தா திங்கி வீரையாவின் படத்தை ஏன் போட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“சரி விடு. எல்லாரும் வந்துட்டாங்க. யாராச்சும் போய் மீ கோரேங் வாங்கிட்டு வாங்கப்பா. சும்மா அனுப்பவா முடியும்?”

என் பொய் நின்றுவிட்டது என்று நான் நினைத்தேன். மீ கோரேங் வாங்கப் போனதும் நான்தான். திரும்பி வந்தபோது சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் செய்தி வந்ததும் தான் எப்படி அழுதேன் என்று வீரையாவிடமே சொல்லிக் காட்டினார்கள். யார் யார் வரவில்லை என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

சுமதி வந்து இறங்கியபோது கூட்டம் கலைந்திருந்தது. வேலைச் சட்டையோடு, கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். முதலில் என்னைத்தான் பார்த்தார். எல்லாம் சமாளித்தாயிற்று என்று நான் தலையை ஆட்டினேன். அவர் உள்ளே வந்தார்.

“சாப்ட்டியா?” என்றார் வீரையா.

“இல்லப்பா. என்னமோ மெசேஜு தப்பா...”

“போட்டோ நல்லாருக்கும்மா. நீ பட்டம் வாங்குன அன்னிக்கு எடுத்தது. பக்கத்துல நின்ன உன்ன வெட்டிட்ட. ஓரத்துல உன் கைய மட்டும் வெட்ட மறந்துட்ட.”

சுமதி கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை.

“டாக்டருங்க முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்கப்பா. எனக்கு யார கூப்புடறதுன்னு தெரியல. நான் வேணும்னு காத்துக்கிட்டு இல்லப்பா...”

“அழுவாத. நீ ஒத்த ஆளு. அவங்க சொன்னாங்க, நீ செஞ்ச. வேற யாரு செய்வா எனக்கு? நான் என்ன, திடீர்னு போயிட்டா இந்தப் புள்ள திண்டாடுமேன்னுதான் இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்பதான் அந்தக் கவல போச்சு.” மகளின் கழுத்து அட்டையை நேராக்கினார். “வயச மட்டும் கூட்டிப் போட்டுட்ட. அடுத்த தடவ சரியா போடு.”

சுமதி அழுதுகொண்டே சிரித்தார். வீரையா அவர் தோளைத் தட்டி, மீ கோரேங் ஆறுவதற்குள் சாப்பிடச் சொல்லி உள்ளே அனுப்பினார். தண்ணீர் கொதிக்கவைக்கும் சத்தம் கேட்டது.

நான் வெளியே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என்னால் ஒழுங்காகச் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான். வீரையா வந்து பக்கத்தில் நின்றார்.

“பினாங்கு வீரையா எப்படி இருக்காரு?”

“மன்னிச்சிருங்க ஐயா.”

“நீ என்ன தொழில் பண்ற?”

இந்தக் கேள்விக்கு வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் தானாக வந்துவிட்டது.

“எதிர்பாராதது நடந்தா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு, எல்லாத்தையும் தயாரா வெக்கிறது, ஐயா.”

அவர் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு நான் அடுக்கிய நாற்காலிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“அந்த வேலைய எம் மவகிட்ட குடுத்துரு. நீ நாற்காலி வாடகைக்கு விடு. அடுக்குறது மட்டும் நல்லா அடுக்குற.”